பூனை ஏன் மண்ணைக் கிளறி மூடுகிறது? மூடாவிட்டால் என்ன அர்த்தம்?

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை வெள்ளையன் நான்கு வருடங்களாக ஒரு நாளும் தவறாமல் தன் மணற்பெட்டிக்குள்தான் போய்வந்தான். கடந்த வருடம் ஒரு மாலை திடீரென்று குளியலறை மூலையில் சிறுநீர் கழித்தான். பிறகு கழுவப் போட்டிருந்த உடுப்புகளின் மேல். இரவு என் கட்டிலில். ஒவ்வொரு இடத்திலும் சில துளிகள் மட்டும்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு நின்ற சின்னம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இது கொழுப்பெடுத்துச் செய்யிற வேலை. சாக்கில கட்டிக் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கம் விட்டிட்டு வா."

நான் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் ஏசினேன். அன்றிரவு பல்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினேன். விடிந்தபோது அவன் சுருண்டு கிடந்தான். சாப்பிடவில்லை, வாந்தி எடுத்திருந்தான். மிருக வைத்தியர் வயிற்றை ஒருமுறை அமுக்கிப் பார்த்ததும் முகம் மாறினார். சிறுநீர்ப்பை தோடம்பழம்போலத் திரண்டு கல்லாக இருந்தது. சிறுநீர்க்குழாய் அடைபட்டிருந்தது. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் கொண்டுவந்தும் பயனில்லை என்றார்.

அவன் பிழைத்துவிட்டான். முதல் நாள் மாலையே அவன் எனக்குச் சொன்ன செய்தி எனக்குத்தான் விளங்கவில்லை. அதன் பிறகு பூனையின் கழிவுப் பழக்கம் பற்றித் தேடி வாசித்தேன், வைத்தியர்களிடம் கேட்டேன். பூனை வளர்ப்பவர்களும், பக்கத்து வீட்டுப் பூனையால் அவதிப்படுபவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வறண்ட நிலத்திலிருந்து வந்த பழக்கம்

இன்றைய வீட்டுப் பூனைகள் எல்லாவற்றுக்கும் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை. மேற்காசியாவில் மனிதர் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கிய காலத்தில், எலிகளைத் தேடி அது குடியிருப்புகளை அண்டி வந்தது. 2007இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று உலகத்து வீட்டுப் பூனைகளின் வேர் அந்தப் பிரதேசத்தில்தான் இருக்கிறது என்று காட்டியது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 வருடங்களுக்கு முன்பு ஒரு மனிதருக்கு அருகில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இருந்ததில்லை. மனிதர்தான் வள்ளத்தில் கொண்டுபோயிருக்க வேண்டும்.

இந்த வறண்ட நிலத்துப் பின்னணி இரண்டு விடயங்களை விளக்குகிறது. ஒன்று, பூனை ஏன் கிளறுவதற்கு இலகுவான பொருபொருத்த மண்ணைத் தேடுகிறது என்பது. மற்றது, பூனையின் சிறுநீர் ஏன் அவ்வளவு செறிவாக இருக்கிறது என்பது. பூனையின் சிறுநீரகம் உடலிலுள்ள நீரை முடிந்தவரை மிச்சம் பிடிக்கும். அதற்குத் தாகமும் குறைவு. இரையின் உடலிலிருந்தே நீரைப் பெற்ற விலங்குக்கு அது போதுமாக இருந்தது. உலர் உணவை மட்டும் தின்னும் வீட்டுப் பூனைக்கு அது போதுவதில்லை. வெள்ளையனின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

மூடுவது சுத்தத்துக்காகவா?

"நாயைப் பார், பூனையைப் பார், பூனைக்கு எவ்வளவு வெட்கம்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பூனை மூடுவது வெட்கத்தாலும் அல்ல, எங்கள் கணக்கிலான சுத்தத்துக்காகவும் அல்ல. மூடுவது வாசத்தை. பூனை வேட்டையாடும் விலங்கு. அதே நேரம் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய சிறிய விலங்கு. தான் படுக்கும் இடத்தையும் குட்டிகள் இருக்கும் இடத்தையும் வாசம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. கழிவிலுள்ள குடற்புழுக்களிலிருந்து விலகியிருக்கவும் இப்பழக்கம் உதவுகிறது.

ஆனால் எல்லாப் பூனையும் எல்லா இடத்திலும் மூடுவதில்லை. கட்டாக்காலிப் பூனைகளை அவதானித்த ஆய்வாளர்கள், அவை தங்கும் இடத்துக்கு அருகில் மூடுவதையும், எல்லைப் பகுதிகளில் மூடாமலே விட்டுப்போவதையும் கண்டிருக்கிறார்கள். மூடாத கழிவு மற்றப் பூனைகளுக்கு ஓர் அறிவித்தல். எங்கள் நாட்டின் பெரிய பூனையான சிறுத்தையும் இப்படித்தான். யாலவிலும் வில்பத்துவிலும் சிறுத்தையின் எச்சம் பாதை நடுவிலேயே திறந்தபடி கிடப்பதைக் காணலாம். ஒளிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

ஆகவே வீட்டுப் பூனை எப்போதாவது மூடாமல் வந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. சில பூனைகள் இயல்பிலேயே மண்ணை விட்டுவிட்டுப் பெட்டியின் ஓரத்தையும் சுவரையும் சுரண்டிவிட்டு வந்துவிடும். கவனிக்க வேண்டியது மாற்றத்தை: வழக்கமாக மூடுகிற பூனை திடீரென்று மூடாமல் பாய்ந்தோடி வந்தால், அந்த மண் பிடிக்கவில்லை, அல்லது பெட்டி ஊத்தையாக இருக்கிறது, அல்லது கழிக்கும்போது நோகிறது.

அந்த வாசம் எங்கிருந்து வருகிறது?

பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது சிதையும்போது கந்தகம் சேர்ந்த சேர்மங்கள் உருவாகின்றன. அவைதான் அந்த மூக்கைத் துளைக்கும் நாற்றத்துக்குக் காரணம். கருத்தடை செய்யாத கடுவன்களில் ஃபெலினின் மிக அதிகம். சிறுநீர் தேங்கிக் கிடந்தால் அதிலுள்ள யூரியாவைப் பற்றீரியாக்கள் அமோனியாவாக மாற்றும். அப்போது நாற்றம் இன்னும் ஏறும்.

கடுவன் நின்றபடியே வாலை உயர்த்தி, சுவரிலோ கதவிலோ பீச்சி அடிப்பது வேறு விடயம். அது கழிப்பதல்ல, எல்லை குறிப்பது. அதை மூடும் எண்ணம் அதற்குக் கிடையாது. கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்களில் இது நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். பெட்டையும் சில வேளை இப்படிச் செய்வதுண்டு. பதுங்கியிருந்து நிலத்தில் கழித்தால் ஒரு காரணம். நின்று சுவரில் அடித்தால் வேறு காரணம். வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்.

குட்டிக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

பிறந்த குட்டியால் தானாகக் கழிக்க முடியாது. தாய் நக்கித் தூண்டினால்தான் கழியும். தாய் அதைச் சுத்தமாக்கிவிடும். தாயில்லாக் குட்டியை எடுத்து வளர்ப்பவர்கள், ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் தடவிவிட வேண்டும். இதைத் தெரியாமல் பால் மட்டும் கொடுத்துக் குட்டியைப் பறிகொடுத்தவர்கள் பலர்.

மூன்று, நான்கு கிழமையில் குட்டி தானாகவே மண்ணைக் கிளறத் தொடங்கும். தாயைப் பார்த்திராத குட்டியும் கிளறும். அது பிறவியிலேயே வருவது. எந்த இடத்தில், எந்த மண்ணில் என்பதைத்தான் பழகிக்கொள்கிறது. அந்த வயதில் காலுக்குப் பழகிய மண்ணையே பிறகும் தேடும். தோட்டத்து மண்ணில் வளர்ந்த குட்டியைத் தொடர்மாடிக்குக் கொண்டுவந்தால், பூச்சாடிகளைக் கிளறுவது இதனால்தான். பெட்டியில் முதல் சில நாட்களுக்குப் பழைய மண்ணில் கொஞ்சம் கலந்துவிட்டால் மாறிக்கொள்ளும்.

மணற்பெட்டி எப்படி வந்தது?

வீட்டுக்குள் பூனைக்கென்று பெட்டி வைப்பது மேற்கிலும் பழைய வழக்கமல்ல. அங்கும் சாம்பலும் மணலும்தான் இருந்தன. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்ற இளைஞர், தந்தையின் வியாபாரத்தில் எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்கு விற்ற களிமண் குறுணியை, மணல் கேட்டு வந்த அயலவர் ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தார். சாம்பல்போல வீடெல்லாம் கால் தடம் பதியாமல், நாற்றமும் அடங்கியது. அந்தக் களிமண், இங்கே அழகு நிலையங்களில் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டியின் வகை. மணல் சும்மா கிடைக்கும்போது மண்ணை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கடைக்காரர் தயங்க, முதலில் இலவசமாகக் கொடுங்கள் என்றார் லோ. அதுவே பெரும் தொழிலாக வளர்ந்தது. ஈரம் பட்டதும் கட்டியாகத் திரளும் பென்டனைட் களிமண் 1980களில் வந்தது. கட்டியை மட்டும் அள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்திருக்கலாம் என்பதால் வேலை பாதியாகியது.

எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

கடையில் விற்கும் களிமண் குறுணி இறக்குமதிப் பொருள். 2022 நெருக்கடியின்போது அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். மாற்று வழிகள் இருக்கின்றன.

சலித்த ஆற்று மணல் பூனைக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நாற்றத்தைப் பிடித்து வைக்காது, பாரமும் கூட. கடல் மணலென்றால் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். மர ஆலையில் கிடைக்கும் மரத்தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மாவுபோன்ற தூளைத் தவிர்த்துச் சற்றுப் பருமனானதை எடுக்க வேண்டும், இரசாயனம் ஏற்றிய பலகையின் தூள் கூடாது. தென்னந்தும்புத் தூள் மலிவானது, ஈரத்தையும் நாற்றத்தையும் பிடிக்கும், பாரமில்லை. ஆனால் காலில் ஒட்டி வீடெங்கும் வரும். கிழித்த பத்திரிகைத் தாள் சத்திரசிகிச்சை செய்த பூனைக்குச் சில நாட்களுக்கு நல்லது, காயத்தில் மண் ஒட்டாது. அடுப்புச் சாம்பலைப் பூனை விரும்பும், ஆனால் அதன் காரத்தன்மை பாதத்துக்கும் மூக்குக்கும் நல்லதல்ல.

எதுவானாலும் வாசனை சேர்த்தது வேண்டாம். பூனையின் மோப்பம் எங்களுடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது. எங்களுக்கு ரோசாப்பூ வாசம், அதற்கு மூச்சு முட்டும்.

பெட்டி: அளவு, எண்ணிக்கை, இடம்

அமெரிக்க, சர்வதேசப் பூனை வைத்தியர் அமைப்புகள் 2014இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டியிலும், இங்குள்ள வைத்தியர்களின் அனுபவத்திலும் பொதுவாக உள்ளவை இவை.

பெட்டி பூனையின் உடல் நீளத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். பூனைக்கென்று விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் சிறியவை. குழந்தையைக் குளிப்பாட்டும் பெரிய பிளாஸ்ரிக் பேசின் மலிவும் நல்லதும்கூட. குட்டிக்கும் வயதான பூனைக்கும் விளிம்பு பதிவாக இருக்க வேண்டும். மூட்டுநோவுள்ள கிழட்டுப் பூனை ஏற முடியாமல்தான் வெளியே கழிக்கும்.

எண்ணிக்கை, பூனைகளைவிட ஒன்று கூட: ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். இடமில்லாத வீட்டில் ஒன்றுதான் வைக்கலாமென்றால், ஒரு நாளைக்கு இரண்டு தடவை அள்ள வேண்டும்.

மண்ணின் ஆழம் நான்கு, ஐந்து சென்ரிமீற்றர் போதும். அமைதியான, இலகுவில் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். சலவை இயந்திரத்துக்குப் பக்கத்திலும், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. தான் உண்ணும் இடத்தில் எந்தப் பூனையும் கழிக்க விரும்பாது. மூடியுள்ள பெட்டியைச் சில பூனைகள் ஏற்கும், சில ஏற்காது. உள்ளே நாற்றம் தேங்குவது எங்களுக்குத் தெரியாமல் போவதுதான் அதிலுள்ள ஆபத்து.

பெட்டிக்கு வெளியே போனால்

முதலில் ஒன்றை நிச்சயமாக நம்பலாம்: பூனை பழிவாங்குவதற்காகக் கழிப்பதில்லை. ஏசுவதும், அடிப்பதும், மூக்கை அதில் தேய்ப்பதும் பயத்தைத்தான் கூட்டும். பயந்த பூனை ஒளித்துக் கழிக்கும், அவ்வளவுதான்.

காரணத்தை இந்த ஒழுங்கில் தேடலாம். உடலில் நோய் இருக்கிறதா? பெட்டி ஊத்தையா, மண் மாறியதா, இடம் மாறியதா? வீட்டில் புதிதாக என்ன நடந்தது: புதுப் பூனையா, குழந்தையா, விருந்தாளியா, கட்டட வேலையா, வெடிச்சத்தமா? மனஅழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையை நேரடியாகவே பாதிக்கும். கிருமி எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பை அழற்சி வந்து இரத்தம் கலந்து போவது இளம் பூனைகளில் சாதாரணமாகக் காணப்படும் நோய்.

கழித்த இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது. அந்த வாசம் பூனைக்குச் சிறுநீர்போலவே இருக்கும்; திரும்பவும் அதே இடத்துக்கு அழைக்கும். நொதியம் கலந்த சலவைத்தூளைக் கரைத்துக் கழுவி, பிறகு நிறைய நீரால் அலசினால் வாசம் போகும். தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பலவற்றில் பீனோல் வகைச் சேர்மங்கள் உண்டு. பூனையின் ஈரலால் அவற்றைச் சரியாக முறிக்க முடியாது. பாதத்தில் பட்டதை நக்கினாலே நஞ்சாகலாம். பூனை வராமலிருக்க மூலைகளில் போடும் நப்தலீன் உருண்டைகளும் அப்படியே.

கடுவனுக்கு வரும் அவசர ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிக ஒடுக்கமானது. பளிங்குத்துகளும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடலாம். அடைபட்டால் கழிவுகள் இரத்தத்தில் தேங்கும், பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுவிடும். முழுமையாக அடைபட்ட பூனை இரண்டு, மூன்று நாட்களுக்குள் இறந்துவிடும்.

அறிகுறிகள்: அடிக்கடி பெட்டிக்குப் போய் நெடுநேரம் குந்தியிருத்தல், சில துளிகள் மட்டும் வருதல் அல்லது ஒன்றுமே வராமை, கத்துதல், பின்பக்கத்தை ஓயாமல் நக்குதல், வேறு வேறு இடங்களில் முயன்று பார்த்தல், சிறுநீரில் இரத்தம். வாந்தி வந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் பருக்கிப் பொன்னான நேரத்தை இழக்கிறார்கள். நானும் அன்று மாலை மலச்சிக்கலாக இருக்குமோ என்றுதான் யோசித்தேன். இதற்குக் கைமருந்து கிடையாது. மயக்கமருந்து கொடுத்துக் குழாய் செலுத்தி வெளியேற்றுவது ஒன்றே வழி. இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

வராமல் தடுக்கத் தண்ணீர்தான் மருந்து. உலர் உணவைக் குறைத்து, அவித்த மீனை அதன் உப்பில்லாத தண்ணீரோடு கொடுக்கலாம். மீன் மட்டுமே முழு உணவாகிவிடக் கூடாது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம். ஆரோக்கியமான பூனை ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு தடவை சிறுநீரும், ஏறத்தாழ ஒரு தடவை மலமும் கழிக்கும். பெட்டியை அள்ளும்போது கட்டிகளை எண்ணிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. வெள்ளையனின் பெட்டியை அன்று காலை நான் பார்த்திருந்தால், அதில் ஒரு கட்டியும் இல்லையென்பது தெரிந்திருக்கும்.

கர்ப்பிணிகள் பூனையை விட்டுவிட வேண்டுமா?

வீட்டில் ஒரு பெண் கர்ப்பமானதும் பூனையை வெளியேற்றும் வழக்கம் எங்களிடையே உண்டு. பயத்துக்குக் காரணம் ரொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதன் வழியை விளங்கிக்கொண்டால் பூனையை விரட்டத் தேவையில்லை.

தொற்றிய பூனை பொதுவாகத் தன் வாழ்நாளில் ஒரு தடவை, ஒன்று முதல் மூன்று கிழமைகள் வரைதான் மலத்தில் இந்த ஒட்டுண்ணியின் முட்டை போன்ற கூடுகளை வெளியேற்றும். வெளியேறிய உடனே அவை தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாட்கள் எடுக்கும். நாளாந்தம் பெட்டியைச் சுத்தம் செய்தால் ஆபத்து மிகக் குறைவு. அதைக் கர்ப்பிணி செய்யாமல் வேறொருவர் செய்யட்டும். பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். குளோரின் இந்தக் கூடுகளைக் கொல்லாது. வீட்டுக்குள்ளேயே இருந்து சமைத்த உணவை உண்ணும் பூனைக்கு இது தொற்றும் வாய்ப்பே குறைவு. அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத மரக்கறி, தோட்ட மண் ஆகியவற்றின் மூலம்தான் மனிதருக்கு அதிகம் தொற்றுகிறது.

மண்ணில் இக்கூடுகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கலாம். அதனால் பெட்டிக் கழிவை மரக்கறிப் பாத்திக்குப் பசளையாக்கக் கூடாது. மலசலகூடத்தில் ஊற்றுவதும் கூடாது. களிமண் குழாயை அடைக்கும், கூடுகள் நீர்நிலைக்குப் போகும். கலிபோர்னியக் கடற்கரையில் கடல் நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் இறந்திருக்கின்றன. பையில் கட்டிக் குப்பையோடு போடுவதே சரி.

மணல் கும்பியும் நாற்றுமேடையும்

பூனை வளர்க்காதவர்களின் முறைப்பாடும் நியாயமானது. வீடு கட்டக் கொட்டிய மணல் கும்பி ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் பொதுக் கழிப்பிடம். அதே கும்பியில்தான் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள். பூனை, நாய்களின் கொளுக்கிப்புழுக் குடம்பிகள் அந்த மணலிலிருந்து தோலுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து ஊரும் கடியுள்ள தடிப்பை உண்டாக்கும். மாலையில் ஒரு தறப்பாளால் மூடிவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். நாற்றுமேடையைக் காக்க எங்கள் அம்மம்மா பனையின் கருக்குமட்டைகளைக் குறுக்கும் மறுக்கும் போடுவார். கால் வைக்க இடமில்லாமல் பூனை திரும்பிவிடும். எந்த நஞ்சும் தேவைப்படவில்லை.

சந்தையில் விடப்படும் பூனைகள்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு கடுவன் நின்றது. அரிசி மூட்டையில் கழித்துவிட்டது என்று ஒரு நாள் அதைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டு வந்தார்கள். சைக்கிளின் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். அது ஏன் அரிசி மூட்டைக்குப் போனது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

சந்தைகளிலும் கோயில் வீதிகளிலும் மீன்பெட்டிகளைச் சுற்றித் திரியும் பூனைகளில் சில இப்படி வந்தவையாகவும் இருக்கும். வீட்டில் வளர்ந்த பூனையால் அங்கே நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. அதில் ஒன்றுக்குச் சிறுநீர்க்குழாய் அடைபட்டிருந்தால், அது எங்கோ ஒரு கடையின் அடியில் இரண்டாம் நாள் இறந்திருக்கும்.

வெள்ளையனுக்கு இப்போது இரண்டு பேசின்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கதைக்கும்போது சின்னம்மா இப்போதும் கேட்பார்: "கடுவன் ஒழுங்காய்ப் போறானோ?" காலையில் எண்ணிய கட்டிகளின் கணக்கை அவரிடம் சொல்வேன்.